பில் ரஸ்ஸலின் தொடக்க ஆண்டுகள்

(கல்விக் கழக வெள்ளி விழாவில் இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



கல்விக்கென அமைந்த கழகத்தின் விழாவில் விளையாட்டைப் பற்றிப் பேசுவதா என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். இப்பொருளை நான் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. நம் பிள்ளைகள் ஓட்டத்திலோ பந்தாட்டத்திலோ பரிசு பெற்று வரும்போது, "அவர்களுக்கென்ன, உடல் வலு பிறவியிலேயே அமைந்தது" என்று சொல்லிப் போவார் உளர். இதைப் பாராட்டு என்று ஏற்றுக்கொண்டு மகிழ்ந்துவிடுகிறோம். உடல் இருக்கிறது, அறிவுதான் இல்லை என்னும் இழிவுரை அதனுள் பதுங்கியிருப்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அமெரிக்காவின் கறுப்பின மக்களும் இதே பாராட்டைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்தவர்கள்தாம். அச்சொல் எத்துணைப் பொய்யானது என்பதற்குக் கூடைப்பந்து வீரர் பில் ரஸ்ஸலின் இளமை வரலாற்றைவிடச் சிறந்த சான்று நான் கண்டதில்லை.

2022ஆம் ஆண்டு சூலை 31ஆம் நாள் தமது 88ஆம் வயதில் மறைந்தவர் ரஸ்ஸல். பாஸ்டன் செல்ட்டிக்ஸ் என்னும் தொழில்முறை அணியில் 13 ஆண்டுகள் ஆடி, அவற்றுள் 11 ஆண்டுகள் வாகை சூடியவர். 1966இல் அவ்வணிக்கே பயிற்சியாளராகி, அமெரிக்காவின் பெரிய தொழில்முறை விளையாட்டுக் குழுக்களில் தற்காலத்தில் அப்பொறுப்பை ஏற்ற முதல் கறுப்பினத்தவர் என்னும் பெருமையைப் பெற்றவர். இவையெல்லாம் ஏடுகளில் பலமுறை எழுதப்பட்டுவிட்டன. நான் 1958ஆம் ஆண்டோடு நின்றுவிடப் போகிறேன். புகழ் வந்து சேர்வதற்கு முற்பட்ட காலமே நமக்கு வேண்டுவது.

வில்லியம் ஃபெல்டன் ரஸ்ஸல் 1934ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் லூசியானா மாநிலத்து மன்றோ நகரப் பகுதியில் பிறந்தார். அமெரிக்காவின் தென்பகுதி அது. பள்ளி வேறு, பேருந்தில் இருக்கை வேறு, தண்ணீர்க் குழாய் வேறு என்று சட்டமே மக்களைப் பிரித்து வைத்திருந்த மண். இரட்டைக் குவளை முறையை அறிந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. தந்தையார் சார்லஸ் காகிதப் பை செய்யும் தொழிற்சாலையில் உழைத்தவர். அவருடைய தந்தையாரைப் பற்றி அக்குடும்பத்தில் வழங்கும் வரலாறு ஒன்றைக் கல்விக் கழகத்தார் அவசியம் கேட்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்குள் ஒரு நாளும் அடியெடுத்து வைத்தறியாத அப்பெரியவர், தம் பகுதிக் கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி எழுப்பத் துணிந்தார். மரத்துக்குப் பணத்தைப் பெற்றுக்கொண்ட வெள்ளை வணிகன், அது எதற்கென்று அறிந்ததும் மரத்தையும் தரவில்லை, பணத்தையும் திருப்பவில்லை. பெரியவர் விடவில்லை, உயிரையே பணயம் வைத்து எதிர்நின்று மரத்தைப் பெற்று வந்தார். பள்ளி எழுந்தது.

இத்தகைய குடும்பத்துக்கு அம்மண்ணில் நிம்மதி ஏது? வண்டிக்கு எண்ணெய் போடச் சென்ற இடத்தில், வெள்ளையர் எல்லாரும் போகும்வரை காத்துக் கிடக்க மனமின்றிப் புறப்பட முயன்ற தந்தையாரை நோக்கிக் கடைக்காரன் துப்பாக்கியை நீட்டினான். தாயார் கேட்டி நல்லாடை உடுத்தித் தெருவில் சென்றபோது, காவலர் ஒருவர் மறித்து, வெள்ளைக்காரப் பெண்ணைப் போல் உடுத்தாதே, வீட்டுக்குப் போய்க் களைந்துவிடு என்று மிரட்டினார். ஆடை உடுத்தும் உரிமைக்காக நம் முன்னோர் பட்ட பாடு இங்கே உங்கள் நினைவுக்கு வரும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மேற்குக் கடற்கரையின் கப்பல் கட்டும் தளங்களில் ஆள் வேண்டியிருந்தது. ஆயிரமாயிரம் கறுப்பினக் குடும்பங்கள் தெற்கை விட்டு வெளியேறின. ரஸ்ஸல் குடும்பமும் கலிபோர்னியாவின் ஓக்லண்டு நகருக்குக் குடிபெயர்ந்தது. அப்போது பில்லுக்கு எட்டு வயது அளவில் இருக்கும்.

ஓக்லண்டு என்னும் பெயரை நம் இளைஞர்கள் வேறொரு வகையிலும் அறிதல் வேண்டும். 1966இல் கருஞ்சிறுத்தைக் கட்சி தோன்றியது அந்நகரில்தான். அதன் பெயரைத் தழுவியே 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் இயக்கம் எழுந்தது. ஆனால் ரஸ்ஸல் சிறுவனாய் இருந்த காலம் இவற்றுக்கெல்லாம் முந்தியது.

1946இல் தாயார் காலமானார். பில்லுக்கு வயது 12. பிள்ளைகள் இருவரும் கல்லூரி வரை படித்தாக வேண்டும் என்பது அவ்வம்மையாரின் தீராத விருப்பம். தந்தையார் தாம் செய்துவந்த சரக்கு வண்டித் தொழிலைக் கைவிட்டு, வருவாய் குறைந்தாலும் மாலையில் வீடு திரும்பக்கூடிய வகையில் வார்ப்பாலை வேலையில் அமர்ந்தார். தாயற்ற சிறுவன் நகரப் பொது நூலகத்தில் தஞ்சம் புகுந்தான். அடிமையாய்ப் பிறந்து எய்ட்டி நாட்டின் மன்னனாய் உயர்ந்த ஆன்ரி கிறிஸ்தோபின் வரலாற்றை அங்கேதான் படித்தான். ஆப்பிரிக்காவில் வாழ்ந்ததைவிட அமெரிக்காவில் அடிமைகளாய் நன்றாகவே வாழ்ந்தார்கள் என்று எழுதியிருந்த வரலாற்று நூலையும் அங்கேதான் கண்டான். அந்த வரி அவனை நெடுநாள் வாட்டியது. நம்மைப் பற்றிப் பிறர் எழுதி வைத்ததைப் படித்து நெஞ்சு புழுங்கிய மாணவர்கள் இங்கும் இருப்பீர்கள். அதே 1946ஆம் ஆண்டில்தான் அண்ணல் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டுபாய்சுக்கு மடல் எழுதித் தீண்டாதார் நிலையும் கறுப்பினத்தார் நிலையும் ஒத்திருப்பதைச் சுட்டினார் என்பதையும் இடையே நினைவு கூர்கிறேன்.

இனி ஆட்டத்துக்கு வருவோம்.

நடுநிலைப் பள்ளியில் பில் கூடைப்பந்து அணிக்கு முயன்று தள்ளப்பட்டான். பின்னர் மெக்ளைமண்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியிலும் இளையோர் அணியில் இடம் கிடைப்பது அரிதாகவே இருந்தது. உயரம் இருந்தது, உடற்கட்டில்லை, பந்தைக் கையாளும் திறமும் இல்லை. அவ்வணியின் பயிற்சியாளர் ஜார்ஜ் பவுல்ஸ் என்னும் வெள்ளையர். அணியில் 15 சீருடைகளே இருந்தன. பவுல்ஸ் 16ஆம் ஆளாக ரஸ்ஸலைச் சேர்த்துக்கொண்டார். 15ஆம் சீருடையை இன்னொரு மாணவனும் ரஸ்ஸலும் முறை வைத்து அணிந்தனர். இவனுக்குச் சீருடை உள்ள நாளில் அவன் பார்வையாளர் வரிசையில். அவனுக்குள்ள நாளில் இவன் அங்கே. பிற்காலத்தில் உலகமே போற்றிய தடுப்பாட்ட வீரரின் தொடக்கம் இந்த அரைச் சீருடைதான்.

பவுல்ஸ் ஆட்ட நுணுக்கம் மிகுதியும் அறிந்தவர் அல்லர் என்றே சொல்வார்கள். ஆயினும் இரண்டு காரியங்கள் செய்தார். சிறுவர் மன்றம் ஒன்றில் சேர்ந்து நாள்தோறும் பயிலுமாறு தம் கைப்பணம் 2 டாலரை ரஸ்ஸலிடம் கொடுத்தார். மற்றொன்று, தம் மாணவர்களிடம் உண்மையை மறைக்காமல் பேசினார். நீங்கள் கறுப்பினத்தவர், களத்தில் கைகலப்பு நேர்ந்தால் வெள்ளையர் அணிக்கு அது சிறு சச்சரவு என்று பேசப்படும், உங்களுக்கோ கலகம் என்று பெயர் சூட்டப்படும், ஆகையால் சினத்தை அடக்கி ஆடுங்கள் என்பது அவர் அறிவுரையின் சாரம். இவ்வறிவுரை நியாயமானதா என்று கேட்டால், இல்லை என்பேன். ஒரு சாரார்க்கு மட்டும் பொறுமையை விதிப்பது நியாயம் ஆகாது. ஆனால் அவ்வூரின் உண்மை நிலை அது. அதனைச் சிறுவரிடம் மூடி மறைக்காத ஆசிரியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1952 சனவரியில் ரஸ்ஸலின் பள்ளிப் படிப்பு முடிந்தது. கல்வியாண்டின் நடுவே முடித்தவன் என்பதனால், அத்தகைய மாணவரைக் கொண்டு திரட்டிய கலிபோர்னியப் பள்ளி அணியொன்றுடன் வடமேற்கு மாநிலங்களைச் சுற்றிவரும் வாய்ப்புக் கிட்டியது. இப்பயணமே அவர் வாழ்வின் திருப்பம் என்பேன். எல்லாரும் பேருந்தில் உறங்கிக் கிடக்க, ரஸ்ஸல் கண்களை மூடி, அன்று உடன் ஆடியோரின் ஒவ்வோர் அசைவையும் மனத்தில் ஓட்டிப் பார்த்தார். இப்பழக்கம் அவருக்கு நூலகத்தில் வாய்த்தது. மைக்கலாஞ்சலோ, லியனார்டோ டாவின்சி ஆகியோரின் ஓவியங்களை நூல்களில் உற்று நோக்கி, பின்பு நூலை மூடிவிட்டு நினைவிலிருந்து வரைய முயன்றவர் அவர். ஓவியம் கைகூடவில்லை. ஆனால் கண்டதை மனத்துள் அப்படியே எழுப்பும் ஆற்றல் கைகூடிற்று. உடன் வந்த பில் ட்ரூ என்னும் வீரரின் நகர்வைக் கண்ணாடியில் காண்பது போல் இடவலம் மாற்றித் தம் மனத்தில் ஓட்டினார், ரஸ்ஸல் இடக்கையர். அந்நகர்வைச் செய்வது எப்படி என்பதோடு நில்லாமல், அதை எதிர்ப்பவன் எங்கே நிற்க வேண்டும் என்றும் கணக்கிட்டார். பந்து எறிவதைப் பற்றியே எல்லா இளைஞரும் கனவு கண்ட காலத்தில் தடுப்பதைப் பற்றிக் கனவு கண்டவர் ரஸ்ஸல். பிறவி வலு என்று பேசுவோர் இந்தப் பேருந்தை ஒரு கணம் எண்ணிப் பார்க்கட்டும்.

அவரை நாடி வந்த கல்லூரி ஒன்றே ஒன்று. சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் பழைய மாணவராகிய ஹால் டிஜூலியோ, பள்ளி ஆட்டமொன்றில் ரஸ்ஸல் 14 புள்ளிகள் எடுத்ததைக் கண்டு பயிற்சியாளர் ஃபில் வுல்பர்ட்டிடம் எடுத்துரைத்தார். சுற்றுப்பயணம் முடிந்து கப்பல் தளத்தில் தகட்டு வேலை பழகிக்கொண்டிருந்த ரஸ்ஸலுக்கு உதவிச் சம்பளம் கிடைத்தது. இயேசு சபையார் நடத்திய அச்சிறு கல்லூரி, விரிகுடாவின் மறுகரையில்தான் இருந்தது. அதன் பெயரைக்கூட அவர் அதுவரை சரியாக அறிந்ததில்லை. அதற்குச் சொந்தமாக விளையாட்டரங்கும் இல்லை. பக்கத்துப் பள்ளி ஒன்றின் அரங்கில் பயின்றார்கள். தாயாரின் விருப்பம் இவ்வாறு நிறைவேறியது. உதவிச் சம்பளம் பெற்று விடுதியில் தங்கிப் பயிலும் நம் மாணவர்களுக்கு அதன் அருமையை நான் சொல்ல வேண்டுமா?

விடுதி அறையில் உடன் தங்கியவர் கே.சி. ஜோன்ஸ், மற்றொரு கறுப்பின வீரர். முதல் ஒரு மாத காலம் அவர் ரஸ்ஸலிடம் பேசவே இல்லையாம், அவ்வளவு கூச்சம். பேசத் தொடங்கிய பிறகு இருவரும் ஓயவில்லை. பந்து எந்தக் கோணத்தில் எழுந்தால் எங்கே விழும், எதிரியை எந்தப் பக்கம் திருப்பினால் மற்றவர் கையில் சிக்குவான் என்று வடிவியல் பாடம் போலவே ஆட்டத்தை ஆராய்ந்தார்கள். கூடைப்பந்தில் தடுப்பவன் கால்களைத் தரையில் ஊன்றி நிற்க வேண்டும் என்பதே அந்நாளைய பயிற்சியாளர் அனைவரும் கற்பித்த பாடம். வுல்பர்ட்டின் கருத்தும் அதுவே. ரஸ்ஸலோ குதித்தார். எதிரி எறிந்த பந்தை வானிலேயே தட்டினார். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. பிறர் பந்தை ஓங்கி அறைந்து களத்துக்கு வெளியே அனுப்புவர், கூட்டம் ஆரவாரிக்கும், ஆனால் பந்து மீண்டும் எதிரிக்கே போய்ச் சேரும். ரஸ்ஸல் மெல்லத் தட்டித் தம் அணியினர் கையில் சேரும்படி செய்தார். கைதட்டல் குறைவு, பயன் அதிகம்.

1954 டிசம்பரில் வுல்பர்ட்டின் முதல் ஐவரில் மூவர் கறுப்பினத்தவர்: ரஸ்ஸல், ஜோன்ஸ், ஹால் பெர்ரி. பெரிய கல்லூரி அணிகளில் அதற்கு முன் இவ்வாறு நிகழ்ந்ததில்லை. வுல்பர்ட்டுக்கு வசைக் கடிதங்கள் வந்தன. அம்மாதமே ஓக்லகோமா நகரத்துப் போட்டிக்குச் சென்றபோது, கறுப்பின வீரருக்கு இடமில்லை என்று விடுதிகள் மறுத்தன. விடுமுறைக்காகக் காலியாய்க் கிடந்த கல்லூரி மாணவர் விடுதி ஒன்றில் வெள்ளை வீரர்களும் சேர்ந்து அணி முழுவதும் தங்கியது. மூவரைத் தனியே அனுப்பிவிட்டு மற்றவர் வசதியாய் உறங்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளிகளில் நிற ஒதுக்கல் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து அப்போது ஏழு மாதங்களே ஆகியிருந்தன. தீர்ப்பு ஏட்டில் இருந்தது. விடுதிக் கதவு மூடியே இருந்தது.

போட்டியை அவ்வணி வென்றது. அவ்வாண்டு ஒரே ஓர் ஆட்டத்தில் மட்டும் தோற்று, 1955 மார்ச்சில் இறுதி ஆட்டத்தில் லா சால் கல்லூரியை 77-63 என வீழ்த்தி நாட்டின் வாகையைச் சூடியது. ரஸ்ஸல் 23 புள்ளிகளும் 25 மீள்பந்துகளும் எடுத்தார். மீள்பந்து என்பது குறி தவறி வளையத்திலோ பலகையிலோ பட்டுத் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவது. இத்தனைக்குப் பிறகும் வட கலிபோர்னியாவின் சிறந்த வீரர் என்னும் பரிசு வேறொரு கல்லூரியின் வெள்ளை வீரருக்கே வழங்கப்பட்டது. அன்று முதல் தனிப்பட்ட பரிசுகளை நம்புவதில்லை, அணியின் வெற்றியை மட்டும் எவராலும் பறிக்க இயலாது என்று ரஸ்ஸல் முடிவு செய்தார். அவருடைய பிற்கால ஆட்டம் முழுவதையும் விளக்கும் திறவுகோல் இம்முடிவு என்று நான் கருதுகிறேன்.

1956இல் ஓர் ஆட்டமும் தோற்காமல் மீண்டும் வாகை. அயோவாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் 26 புள்ளிகள், 27 மீள்பந்துகள். அவ்விரு பருவங்களிலும் சேர்த்துத் தொடர்ந்து 55 வெற்றிகள். விதிகளை வகுப்போர் இவரை எண்ணியே கூடையின் கீழுள்ள கட்டத்தின் அகலத்தைக் கல்லூரி ஆட்டங்களில் 6 அடியிலிருந்து 12 அடியாக்கினர். தாக்கும் அணியினர் மூன்று வினாடிக்கு மேல் நிற்கலாகாத இடம் அது. அரைச் சீருடைக்காரனுக்காக நாட்டின் விதியே மாறிற்று!

பட்டம் முடியுமுன்பே வாய்ப்புகள் வந்தன. கறுப்பின வீரர்களைக் கொண்டு வித்தையும் வேடிக்கையும் கலந்து ஆடி உலகைச் சுற்றிவந்த ஆர்லம் குளோப்டிராட்டர்ஸ் அணியின் உரிமையாளர் ஏப் சாப்பர்ஸ்டீன் வந்தார். ரஸ்ஸல் அறையில் அமர்ந்திருக்க, ஒப்பந்தத்தைப் பற்றிப் பயிற்சியாளர் வுல்பர்ட்டிடம் மட்டுமே அவர் பேசினார். தம்மைப் பற்றிய பேச்சில் தம்மிடம் ஒரு சொல் பேசாதவரோடு தமக்கு வேலையில்லை என்று ரஸ்ஸல் மறுத்துவிட்டார். வறிய வீட்டுப் பிள்ளை பெரும்பணத்தை மறுத்த செய்தி இது. நம் முன்னிலையில் நம்மை விட்டுவிட்டு நம்மைப் பற்றிப் பேசும் பெரிய மனிதர்களை நாமும் கண்டிருக்கிறோம்.

தொழில்முறைக் கழகமான என்.பி.ஏ.வில் கறுப்பின வீரர்கள் 1950இல்தான் முதன்முதலாக இடம் பெற்றனர். 1956இன் வீரர் தெரிவில் முதல் உரிமை பெற்ற ராச்செஸ்டர் அணி ரஸ்ஸலை எடுக்கவில்லை. இரண்டாம் உரிமை செயின்ட் லூயி அணியினுடையது. பாஸ்டன் செல்ட்டிக்ஸ் பயிற்சியாளர் ரெட் ஆவர்பாக், எட் மக்காலி, கிளிஃப் ஹேகன் என்னும் இருவரைக் கொடுத்து அவ்வுரிமையைப் பெற்று ரஸ்ஸலை எடுத்தார். புள்ளி குவிக்கத் தெரியாத ஒருவனுக்காக இருவரா என்று நகைத்தவர் பலர். ரஸ்ஸலோ உடனே பணம் பண்ணப் போகவில்லை. ஊதியத்தில் இழப்பு நேரும் என்று அறிந்தும் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆடச் சென்றார். இறுதி ஆட்டத்தில் அமெரிக்கா சோவியத் அணியை 89-55 என வென்றது. தங்கப் பதக்கத்தோடு திரும்பி, டிசம்பர் 9ஆம் நாள் மணம் முடித்து, 22ஆம் நாள் பாஸ்டன் களத்தில் முதன்முறை இறங்கினார்.

அவ்வணியில் அப்பருவத்தில் கறுப்பினத்தவர் அவர் ஒருவரே. புள்ளி எடுப்பதைப் பற்றிக் கவலை கொள்ள வேண்டாம், மீள்பந்தைப் பற்று, தடு, உன் ஊதியத்தைப் பேசும்போது புள்ளிக் கணக்கை எடுக்கவே மாட்டேன் என்று ஆவர்பாக் உறுதி கூறினார். இந்த ஓர் உறுதிமொழியே ரஸ்ஸலின் தொழில் வாழ்வுக்கு அடித்தளம். தடுத்த பந்துகளுக்கு என்.பி.ஏ. அந்நாளில் கணக்கே வைக்கவில்லை; 1973-74ஆம் பருவத்தில்தான் அதற்கென்று ஓர் இடம் ஏட்டில் ஏற்பட்டது. அதாவது, ரஸ்ஸல் ஆடிய 13 ஆண்டுகளிலும் அவர் செய்த தலையாய உழைப்புக்கு ஏட்டில் இடமில்லை. கணக்கில் வராத உழைப்பு எத்தகையது என்பதை வயலிலும் தெருவிலும் கண்ட சமுதாயம் நாம்.

முதற் பருவத்தில் 48 ஆட்டங்கள் ஆடினார். ஆட்டத்துக்குச் சராசரி 19.6 மீள்பந்துகள். 1957 ஏப்ரல் 13ஆம் நாள் செயின்ட் லூயி அணியோடு ஏழாம் ஆட்டம், அதுவே முடிவு ஆட்டம். பாஸ்டனின் புகழ்பெற்ற எறிவீரர்களாகிய கூசியும் ஷார்மனும் அன்று 40 முறை எறிந்து 5 முறையே கூடையில் இட்டனர். சுமை முழுவதும் அவ்வாண்டு சேர்ந்த புதியவர் இருவர் தோள்மேல் விழுந்தது. டாம் ஹைன்சன் 37 புள்ளிகள் எடுத்தார். ரஸ்ஸல் 19 புள்ளிகளும் 32 மீள்பந்துகளும். ஆட்டம் முடிய ஒரு நிமிடமும் இல்லாத நேரம். பாஸ்டன் மயிரிழை அளவே முன்னிலை. எதிரணியின் கோல்மன் நடுக்களத்தில் பந்தைப் பெற்றுத் தனியே கூடையை நோக்கி விரைகிறார். ரஸ்ஸல் நிற்பதோ களத்தின் மறுகோடியில். அங்கிருந்து முழுக் களத்தையும் ஓடிக் கடந்து, கோல்மனின் கையை விட்டுப் பந்து எழுந்த கணத்தில் தட்டிவிட்டார். இரண்டு கூடுதல் நேரங்களுக்குப் பின் 125-123 என்று பாஸ்டன் தன் முதல் வாகையைச் சூடியது. அந்தத் தட்டலும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

அவ்வாண்டின் சிறந்த புதுவீரர் பரிசு ஹைன்சனுக்குச் சென்றது. ரஸ்ஸல் பருவத்தின் நடுவில் வந்தவர் ஆதலால் அதனைக் குறை சொல்வதற்கில்லை. மறு ஆண்டு நடந்ததுதான் வியப்பு. 1957-58ஆம் பருவத்தில் ஆட்டத்துக்கு 22.7 மீள்பந்துகள் எடுத்த அவரைக் கழகத்தின் தலைசிறந்த வீரராகத் தேர்ந்தெடுத்தனர். அந்நாளில் அப்பரிசுக்கு வாக்களித்தவர்கள் ஆட்ட வீரர்கள். அதே பருவத்துக்கு ஆண்டின் சிறந்த ஐவரைத் தெரிவு செய்தவர்கள் செய்தியாளர்கள். அவர்கள் ரஸ்ஸலை முதல் ஐவரில் சேர்க்காமல் இரண்டாம் ஐவரில் வைத்தனர்! களத்தில் அவரோடு மோதியவர்கள் ஒன்று கண்டார்கள். வெளியே அமர்ந்து எழுதியவர்கள் வேறொன்று கண்டார்கள்.

அவ்வாண்டு இறுதித் தொடரின் மூன்றாம் ஆட்டத்தில் ரஸ்ஸலுக்குக் கணுக்காலில் அடிபட்டது. செயின்ட் லூயி வென்றது. 1959 முதல் 1966 வரை தொடர்ந்து எட்டு வாகைகள் வந்தது அதன் பிறகு. மிசிசிப்பியில் உயிருக்கு அச்சுறுத்தல் இருந்த காலத்தில் கறுப்பின, வெள்ளைச் சிறுவர்களை ஒரே களத்தில் நிறுத்தி அவர் பயிற்சி அளித்ததும் பின்னர் நடந்ததே. அவற்றைப் பேச இன்னொரு மாலை வேண்டும். அடுத்து நம் மாணவியர் நடத்தும் கலை நிகழ்ச்சிக்கு நேரமாகிவிட்டது எனத் தலைவர் அவர்கள் குறிப்புக் காட்டுகிறார்கள்.